தோழி 18 நாள் தங்க வருகிறார். வீட்டிலேயே இருந்து என்ன செய்வது?

கேள்வி: நான் தேன்கனிக்கோட்டையில் தனியாக வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது 64. 1981இல் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த தோழி, மார்கழி பிறந்ததும் நாகப்பட்டினத்திலிருந்து வந்து 18 நாள் என் வீட்டில் தங்கப் போகிறாள். போன முறை வந்தபோது ஐந்தே நாளில் ஒகேனக்கல், கிருஷ்ணகிரி அணை, ஓசூர் மலைக்கோயில், தளி என்று ஓடிக்கொண்டே இருந்தோம். அவள் ஊருக்குப் போன பிறகு நான் இரண்டு நாள் படுத்துவிட்டேன். கடந்த ஆடியில் அவளுடைய கணவர் காலமானார். இந்த முறை, "எங்கும் கூட்டிப் போகாதே, உன் வீட்டிலேயே இருக்கிறேன்" என்கிறாள். சும்மா சொல்கிறாளோ என்று தோன்றுகிறது. தனியாக இருந்து பழகிய எனக்கு இரண்டு நாளுக்கு மேல் பேசுவதற்கு விஷயம் இருக்காது. பேசாமல் உட்கார்ந்திருந்தால் அவளை வேண்டாதவளாக நினைக்கிறேன் என்று எண்ணிக்கொள்வாளோ? மதியத்தில் ஒரு மணி நேரமாவது எனக்குத் தனிமை வேண்டும். அதை எப்படிச் சொல்வது? அவளுக்கு இரத்த அழுத்தமும் மூட்டுவலியும் உண்டு; எங்கள் ஊர்க் குளிரைத் தாங்குவாளா? ஊருக்குப் போகும்போது என்ன கொடுத்தனுப்பலாம் என்றும் சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்டிருக்கும் கேள்விகளைக் காட்டிலும், உங்கள் தோழி சொன்னதாக எழுதியிருக்கும் அந்த ஒரு வரியிலேயே என் மனம் நின்றது. "உன் வீட்டிலேயே இருக்கிறேன்" என்று அவர் சொன்னதை நீங்கள் உபசாரப் பேச்சாக எடுத்துக்கொள்கிறீர்கள். கணவரை இழந்து ஐந்து மாதமே ஆன ஒரு பெண்மணி, துக்கம் கேட்க வருவோர், காரியங்கள், வங்கி, ஓய்வூதிய அலுவலகம், வாரிசுச் சான்றிதழ் என்று நாலாப் பக்கமும் இழுபட்ட பிறகு, நாற்பது ஆண்டுக்கு மேலாக அறிந்த ஒருத்தியின் வீட்டைத் தேடி இவ்வளவு தூரம் வருகிறார் என்றால், அவர் கேட்பதைக் கேட்டபடியே கொடுப்பதுதான் சரி என்று நான் கருதுகிறேன். தருமபுரியில் முதியவர்களுக்கு மனநல ஆலோசனை சொல்லும் பணியில் இருக்கும் எனக்கு, இப்படிப்பட்ட வேண்டுகோள்கள் எவ்வளவு அரிதாக வாய்விட்டுக் கேட்கப்படுகின்றன என்பது தெரியும். பெரும்பாலானோர் கேட்கத் தயங்கியே இருந்துவிடுகிறார்கள். உங்கள் தோழி கேட்டுவிட்டார். அது உங்கள்மீது அவருக்குள்ள உரிமை.

"விருந்தும் மருந்தும் மூன்று நாள்" என்ற பழமொழி உங்கள் மனத்தில் எங்கோ உட்கார்ந்திருக்கிறது என்று எண்ணுகிறேன். அந்தப் பழமொழியில் உண்மை உண்டு. வடை பாயசத்தோடு, அலமாரியில் இருக்கும் புதுத் தட்டை எடுத்து வைத்து, காலையிலிருந்து இரவு வரை முகம் மலர்ந்து உபசரிக்கும் விருந்தை மூன்று நாளுக்கு மேல் யாராலும் நடத்த முடியாது. பெறுகிறவராலும் தாங்க முடியாது. ஆனால் நம் மண்ணிலேயே இதற்கு மறுமொழியும் இருக்கிறது. இன்றைய தருமபுரியான தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியைப் பற்றி ஔவையார் பாடும்போது, நாங்கள் ஒரு நாள் போகவில்லை, இரண்டு நாள் போகவில்லை, பல நாள் பலரோடு சேர்ந்து போனாலும் அவன் முதல் நாளில் கொண்ட விருப்பத்தையே எங்கள்மீது கொண்டிருந்தான் என்கிறார். அவர் முதல் நாள் போலவே இருந்ததாகச் சொல்வது விருப்பத்தைத்தான். முதல் நாள் விருந்தே கடைசி வரை நடந்ததாக அவர் சொல்லவில்லை. உங்கள் தோழிக்கு நீங்கள் 18 நாளும் குறையாமல் கொடுக்க வேண்டியதும் அந்த விருப்பம் ஒன்றுதான். சாப்பாடு உங்கள் அன்றாடச் சாப்பாடாகவே இருக்கட்டும். துணி மடிப்பதும் வாசல் தெளிப்பதும் நிற்க வேண்டாம். அவரும் அவற்றில் கை கொடுக்கட்டும். "நீ உட்கார், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று ஒவ்வொரு முறையும் தடுத்தால், அவர் 18 நாளும் விருந்தாளியாகவே இருந்துவிட்டுப் போவார். துக்கத்தில் இருக்கும் ஒருவருக்குக் கைக்கு வேலை இல்லாமல் நாற்காலியில் உட்காரவைக்கப்படுவதைவிடப் பெரிய பாரம் வேறில்லை.

பேசாமல் இருப்பதைப் பற்றிய உங்கள் அச்சத்துக்கு வருகிறேன். என் தாயாருக்குக் காரிமங்கலத்தில் ஒரு தோழி இருந்தார். ஆண்டுக்கு ஒரு முறை வந்து பத்துப் பன்னிரண்டு நாள் எங்கள் வீட்டில் தங்குவார். முதல் நாள் இரவு இருவரும் விடிய விடியப் பேசுவார்கள். அதற்குப் பிறகு திண்ணையில் ஆளுக்கொரு முறத்தை வைத்துக்கொண்டு, அரை மணிக்கு ஒரு வார்த்தை பேசினால் அதிகம். சிறுவனாக இருந்த நான், இருவருக்கும் சண்டை என்று நினைத்து அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். "பேசினால்தான் இருக்கிறோம் என்று அர்த்தமா?" என்றார். இந்தத் தொழிலுக்கு வந்து பல ஆண்டுகள் கழித்தே அந்தப் பதிலின் ஆழம் எனக்கு எட்டியது. புதிதாக அறிமுகமானவர்களுக்கு இடையே விழும் அமைதி சங்கடம் தருகிறது. ஏனென்றால் மற்றவர் மனத்தில் என்ன ஓடுகிறது என்பது தெரியாது. நெடுநாள் பழகியவர்களுக்கு இடையே அந்த ஐயம் இல்லாததால், அமைதி ஓய்வாகவே அமைகிறது. உங்கள் தோழி விடுதியில் உங்களோடு ஒரே விளக்கின் கீழ் இரவெல்லாம் பாடக் குறிப்பு எழுதியவர். உங்கள் மௌனம் அவருக்குப் புதிதல்ல. அப்படியும் உங்களுக்குத் தயக்கம் இருந்தால், வந்த அன்று மாலையிலேயே சொல்லிவிடுங்கள்: "தனியாக இருந்து இருந்து எனக்குப் பேச்சு குறைந்துவிட்டது, நான் பேசாமல் இருந்தால் தப்பாக எடுத்துக்கொள்ளாதே, நீ இருப்பதே எனக்குப் போதும்." இப்படிச் சொல்லப்பட்ட மௌனத்தை யாரும் தவறாகப் புரிந்துகொள்வதில்லை.

மௌனத்துக்குக் கையில் ஒரு வேலை இருந்தால் இன்னும் இயல்பாக அமையும். அந்த வேலையை உங்கள் ஊர் மார்கழி தானாகவே கொண்டுவந்து தருகிறது. சந்தையில் மொச்சைக்காய் வந்து குவியும் காலம் இது. பச்சை மொச்சைக் காயை வாங்கிவந்து, வெயில் விழும் இடத்தில் பாயை விரித்து, இருவரும் உரியுங்கள். உரித்த கொட்டையை இரவில் தண்ணீரில் ஊறப் போட்டு, மறுநாள் காலையில் ஒவ்வொன்றாகக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே வைத்துப் பிதுக்கினால், தோல் கையில் தங்கிப் பருப்பு மட்டும் வழுக்கி வெளியே விழும். பிதுக்கம்பருப்புக் குழம்பை நீங்கள் தனி ஆளாக வைத்து எத்தனை நாளாயிற்று என்று எண்ணிப் பாருங்கள். சுவை தெரிந்தும் பலர் அதைக் கைவிட்டுவிட்டதற்குக் காரணம், அது ஒருவர் உட்கார்ந்து செய்தால் அலுப்புத் தட்டும் வேலை, இருவர் உட்கார்ந்தால் பொழுது போவதே தெரியாத வேலை என்பதுதான். நாகப்பட்டினத்துக்காரருக்கு மொச்சை தெரிந்திருக்கும். அதைப் பிதுக்கிக் குழம்பு வைப்பது அநேகமாகப் புதிதாக இருக்கும். நீங்கள் ஆசிரியை, அவரும் ஆசிரியை. ஒருவர் கற்றுக்கொடுக்க மற்றவர் கற்றுக்கொள்வது இருவருக்கும் பிடிக்கும். மூட்டுவலிக்காரர் தரையில் சம்மணமிட்டு நெடுநேரம் உட்கார வேண்டாம். கட்டிலிலோ நாற்காலியிலோ அமர்ந்து மடியில் முறத்தை வைத்துக்கொள்ளட்டும்.

அந்தக் குழம்போடு ராகிக் களி கிண்டுவதாக இருந்தால், அதை ஒரு மதிய உணவாக வைத்துக்கொள்ளுங்கள். பழகாதவர்கள் களியை மென்று தின்னப் பார்த்துப் பல்லில் ஒட்டிக்கொண்டு திண்டாடுவார்கள். சிறு உருண்டையாக உருட்டிக் குழம்பில் தோய்த்து விழுங்க வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். 100 கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருப்பதால், உங்கள் இருவர் வயதுக்கும் அது நல்ல உணவு.

இனி குளிர். நாகப்பட்டினத்தில் மார்கழி இரவிலும் வெப்பநிலை பெரும்பாலும் 20 டிகிரிக்கு மேலேயே இருக்கும். ஏறத்தாழ 3000 அடி உயரத்தில் இருக்கும் உங்கள் பகுதியில் சில இரவுகளில் அது 15 டிகிரிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. உங்களுக்குப் பழகிப்போன குளிர் அவருக்குப் பழகியிராது. குளிரில் தோலுக்கு அருகிலுள்ள இரத்தக் குழாய்கள் சுருங்குவதால் இரத்த அழுத்தம் சற்றே உயரும். ஆகவே புறப்படும் முன் அவர் தம் மருத்துவரைப் பார்த்து, 18 நாளுக்கும் ஒரு வாரம் கூடுதலாகவும் மாத்திரை வாங்கிக்கொண்டு வருவது நல்லது. மாத்திரையின் அளவை இங்கே வந்து தாமாகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. குளிர் காலத்தில் தாகம் தெரியாது, வயதானவர்களுக்கு இன்னும் தெரியாது. ஆனால் சிறுநீர் அதிகமாகப் பிரியும். பிளாஸ்கில் வெந்நீர் வைத்துப் பகலில் அடிக்கடி குடிக்கச் செய்யுங்கள். இரவில் அவர் எழுந்து போகும் வழியில் ஒரு சிறு விளக்கு எரியட்டும். விழித்தவுடன் எழுந்து நிற்காமல், கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து பிறகு எழுவது தலைசுற்றி விழுவதைத் தடுக்கும். கம்பளி, காலுறை, காதை மூடும் குல்லா ஆகியவற்றை அவர் வருவதற்கு முன்பே வெயிலில் உலர்த்தி எடுத்து வைத்திருங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். குளிர் தாங்கவில்லை என்று கரிக் கணப்பை மூட்டிப் படுக்கையறைக்குள் வைத்துக் கதவையும் சன்னலையும் சாத்திவிடாதீர்கள். எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, குமட்டல், மயக்கம் என்று தொடங்கி, தூங்குகிறவரைத் தூக்கத்திலேயே கொன்றுவிடும். கணப்பு வேண்டுமானால் முற்றத்தில் மூட்டிச் சுற்றி உட்கார்ந்து பேசுங்கள்; மார்கழி இரவில் அதைவிட இனிய இடம் கிடையாது. படுக்கப் போகும்போது அனலை முற்றத்திலேயே விட்டுவிட்டு, கம்பளியை இரண்டாகப் போர்த்திக்கொள்ளுங்கள். வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றிக் காலடியில் வைத்துக்கொள்வதும் நல்ல வழி.

காலையில் அவசரமே வேண்டாம். ஆண்டின் மிகக் குறுகிய பகல் டிசம்பர் 21 அல்லது 22ஆம் நாள் வருகிறது. ஆனால் சூரியன் மிகத் தாமதமாக எழுவது அதற்கும் பிறகு, சனவரி கடைசி வாரத்தை ஒட்டித்தான். எனவே அவர் இருக்கும் நாள்களில் காலை ஆறரை மணிக்குப் பிறகுதான் உங்களுக்குச் சூரியனே எழும். அதற்கு மேல் பனி விலகவும் நேரம் பிடிக்கும். பள்ளிக்கூட மணிக்கு நாற்பது ஆண்டு ஓடிய உங்கள் இருவருக்கும், எட்டு மணி வரை காப்பிக் குவளையைக் கையில் பிடித்துக்கொண்டு சன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்திருப்பது எவ்வளவு பெரிய சொத்து! வாசலில் கோலம் போடுவதைக்கூட வெளிச்சம் வந்த பிறகு வைத்துக்கொண்டால் போதும். அதிகாலை நடையைப் பொறுத்தவரை, உங்கள் ஊரில் இன்னொரு காரணத்துக்காகவும் பொறுமை வேண்டும். ராகி அறுவடையாகும் இந்த மாதங்களில் பன்னேர்கட்டா பக்கத்திலிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டைக் காடுகளுக்கு வருவதை நீங்கள் அறிவீர்கள். உங்கள் தோழி அறியமாட்டார். நன்றாக விடிந்த பிறகு, ஊருக்குள்ளேயே பேட்டராய சுவாமி கோயில் வரை மெதுவாக நடந்துவிட்டு வாருங்கள். பதினொரு மணி வாக்கில் முகத்திலும் கைகளிலும் வெயில் படும்படி உட்கார்ந்தால் குளிரும் போகும், எலும்புக்கு வேண்டிய வைட்டமின் டியும் கிடைக்கும். மொச்சை உரிக்கும் வேலையை அந்த நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மதியத் தனிமையைக் கேட்பதில் உங்களுக்குக் குற்ற உணர்வே வேண்டாம். ஆனால் அதை நான்காம் நாளில், களைத்துப்போய், முகம் வாடிய நிலையில் கேட்காதீர்கள். அப்போது அது புகாராக ஒலிக்கும். முதல் நாளே வீட்டின் வழக்கமாகச் சொல்லிவிடுங்கள்: "மதியம் சாப்பிட்டதும் ஒரு மணி நேரம் நான் என் அறையில் படுப்பேன். நீயும் உன் இஷ்டம்போல இரு. மூன்றரைக்கு டீ போடும்போது கூப்பிடுகிறேன்." அந்த டீதான் இதில் முக்கியம். பிரிந்திருக்கும் நேரம் எப்போது முடியும் என்பது தெரிந்தால், அது யாரையும் புண்படுத்தாது. அவருக்கும் அந்த ஒரு மணி நேரம் தேவைப்படலாம். அழுவதற்கும் மனிதருக்குத் தனி அறை வேண்டியிருக்கிறது.

அவர் கணவரைப் பற்றி என்ன பேசுவது என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்கத் தயங்கியிருப்பீர்கள் என்றே எண்ணுகிறேன். அந்தப் பெயரைத் தவிர்க்காதீர்கள். துக்கத்தை நினைவூட்டிவிடுவோமோ என்று நல்ல மனத்தோடு எல்லோரும் பேச்சை மாற்றுவதால், கணவரை இழந்தவர்களுக்கு அவரைப் பற்றிப் பேசுவதற்கு இடமே இல்லாமல் போகிறது. நினைவூட்டுவதற்கு அவர்கள் மறந்தால்தானே? "அவர் காப்பிக்குச் சர்க்கரை போடுவாரா?" என்பது போன்ற ஒரு சிறு கேள்வி போதும். அவர் பேசினால் கேளுங்கள். ஆறுதல் வாக்கியங்களைத் தேடி இடையில் நுழைக்க வேண்டாம். அவர் பேசாமல் இருந்தால் பிதுக்க வேண்டிய மொச்சை கையில் இருக்கிறது. சில நாள்களில் அவர் நன்றாகச் சிரிப்பார், பிறகு சிரித்ததற்காகக் குற்ற உணர்வு கொள்வார், அதுவும் இயல்பே. ஆனால் நாள்கணக்கில் சாப்பாட்டை மறுப்பதையோ, இரவு முழுதும் தூங்காமல் இருப்பதையோ, உயிரோடு இருந்து என்ன பயன் என்று பேசுவதையோ கவனித்தால், அதைத் தோழமையால் மட்டும் சரிசெய்ய முயலாதீர்கள். அவரிடம் நேராகவே கேட்டு, மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் பேசலாம்.

மாலை ஆறரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும் நீண்ட இரவுகளுக்கு என் யோசனை ஒன்று. பயிற்சி முடித்து ஆளுக்கோர் ஊரில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, இருவரும் இன்லேண்டு கடிதம் எழுதிக்கொண்டிருப்பீர்கள். அவற்றில் சிலவாவது உங்கள் பெட்டியிலும் அவர் பெட்டியிலும் இருக்கும். வரும்போது கொண்டுவரச் சொல்லுங்கள். அவர் எழுதியதை நீங்கள் அவருக்கும், நீங்கள் எழுதியதை அவர் உங்களுக்கும் உரக்கப் படித்துக் காட்டுங்கள்; ஓர் இரவுக்கு இரண்டு மூன்று கடிதத்துக்கு மேல் வேண்டாம். தாம் 23 வயதில் என்ன எழுதினோம் என்பதை 64 வயதில் தோழியின் குரலில் கேட்பது போன்ற ஒன்றை எந்தச் சுற்றுலா இடமும் தர முடியாது. கணவரின் பெயர் அந்தக் கடிதங்களில் முதன்முதலாக வரும் இடம் ஒன்று இருக்கும். அதை முன்கூட்டியே பார்த்து ஒளித்து வைக்காதீர்கள். அதே சமயம், படிப்பதா வேண்டாமா என்பதை அவர் முடிவுக்கே விட்டுவிடுங்கள்.

18 நாளும் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்ற விரதமும் தேவையில்லை. ஒரு நாள் அவராகவே "எங்காவது போய் வரலாமா?" என்று கேட்டால் தளி ஏரி வரை போய்விட்டு இருட்டும் முன் திரும்பிவிடுங்கள். அவர் கேட்கவில்லை என்றால் நீங்களும் கேட்க வேண்டாம்.

கடைசியாக, கொடுத்தனுப்புவது பற்றி. புடவை, பாத்திரம் என்று அலைந்து கடைசி இரண்டு நாளைக் கடையில் செலவழிக்காதீர்கள். ஊற வைத்துப் பிதுக்கிய பருப்பு இவ்வளவு நீண்ட பயணத்தில் புளித்துவிடும் என்பதால் அதுவும் வேண்டாம். முற்றிய மொச்சைக் கொட்டையாகப் பார்த்து, அவர் இருக்கும்போதே சில நாள் இருவருமாக வெயிலில் காய வைத்து, ஒரு துணிப் பையில் கட்டிக் கொடுங்கள். காய்ந்த கொட்டை பிதுக்கும் பதத்துக்கு வர நன்றாக ஊற வேண்டும். ஓர் இரவு முழுவதும் ஊற வைத்துப் பிறகு பிதுக்க வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதிப் பைக்குள் போட்டுவிடுங்கள். தைப் பனிக்குள் உங்களுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வரும். குழம்பில் எதை எப்போது சேர்ப்பது என்று கேட்பார். அதை மட்டும் தாளில் எழுதாமல் விட்டுவிடுங்கள்.